அரையாண்டு லீவில் நாய்க்குட்டி: இப்போதே கொண்டுவரலாமா, பொங்கல் வரை பொறுக்கலாமா?

திருநகர்_முத்து | டிசம்பர் 12, இரவு 10:05

வணக்கம் மக்களே. மதுரை திருநகர். எங்கள் தெருக்கடைசியில் கட்டி முடிக்காமல் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. ஐப்பசி கடைசியில் மழை விடாமல் அடித்த அந்த வாரத்தில் ஒரு செவலை நாய் அங்கே குட்டி போட்டது. இப்போது மிச்சம் இருப்பது ரெண்டு, ஒரு கடுவன், ஒரு பெட்டை. சிமெண்ட் சாக்குக் குவியலுக்கு நடுவே கிடக்கின்றன.

மகன் எட்டாவது, மகள் நான்காவது. ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தைவிட அங்கே நிற்கிற நேரம்தான் அதிகம். 23ஆம் தேதி அரையாண்டு முடிகிறது, 24 அன்று ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், லீவு முழுக்கப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். நாங்கள் ரெண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் அம்மா இருக்கிறார், ஆனால் அவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "நாய் உள்ளே வந்தால் நான் உன் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

மார்கழிக் குளிர் தாங்குமா, என்ன கொடுப்பது, ரெண்டையும் சேர்த்து வளர்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_செல்வி | டிசம்பர் 12, இரவு 10:41

முத்து அண்ணா, எடுங்க, ஆனால் 24ஆம் தேதி எடுக்காதீங்க.

ஐப்பசி கடைசி என்றால் இன்றைக்கு அதுகளுக்கு நாலு வாரம்தான் ஆகியிருக்கும். 24ஆம் தேதி ஆறு வாரம். குட்டி தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் குறைந்தது எட்டு வாரமாவது இருக்கணும். பால் குடிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்து பாருங்கள். ரெண்டும் உருண்டு சண்டை போடும், ஒன்று மற்றதன் காதைக் கொஞ்சம் அழுத்திக் கடித்ததும் அது வீல் என்று கத்திவிட்டு விளையாட்டையே நிறுத்திவிடும். கடித்தது திகைத்துப்போய் நிற்கும். தாயின் மடியைப் பல் போட்டு இழுத்தால் தாய் எழுந்து போய்விடும், இல்லாவிட்டால் வாயால் ஒரு அமுக்கு அமுக்கும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அந்த ரெண்டு மூணு வாரத்தில்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. ஐந்து, ஆறு வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிகள் பிள்ளைகளின் கையைக் கடித்துப் பிய்ப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கடையில் விற்கிற குட்டிக்கே எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017 நாய் வளர்ப்பு விதிகளில் இருக்கிறது. யார் பின்பற்றுகிறார்கள் என்பது வேறு கதை.

பள்ளிக்கூட லீவும் குட்டியின் வயசும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஜனவரி பத்துவாக்கில் எட்டு வாரம் தாண்டிவிடும், பொங்கல் லீவு வருகிறது, அப்போது கொண்டுவாருங்கள். அதுவரை தாய்க்குச் சோறு போடுங்கள். தாய் வயிறு நிறைந்தால் குட்டி வயிறும் நிறையும்.

மாடிவீடு_சங்கர் | டிசம்பர் 13, காலை 6:50

யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகணும், அதனால் நானே சொல்கிறேன். வேண்டாம்.

புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், வீட்டில் இருக்கிற ஒரே ஆளுக்கு நாயே பிடிக்காது. அப்புறம் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அதுகளை யார் பார்ப்பது? லீவில் பத்து நாள் பிள்ளைகள் தோளில் தூக்கிப்போட்டுத் திரிவார்கள். பள்ளி திறந்ததும் குட்டி கத்தும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். எங்கள் ஊரில் தை பிறந்ததும் காய்கறி மார்க்கெட் பின்பக்கம் போய்ப் பாருங்கள், கழுத்தில் சிவப்பு பெல்ட்டோடு மூணு மாசக் குட்டிகள் அலையும். எல்லாம் லீவுக்கு வாங்கினவை. நாட்டு நாய் நன்றாகப் பார்த்தால் பன்னிரண்டு, பதினாலு வருஷம் இருக்கும். உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டு வாசலில் படுத்திருக்கும்.

திருநகர்_முத்து | டிசம்பர் 13, காலை 8:15

சங்கர் சார், கோபமில்லை, நியாயமான கேள்விதான். நான் மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், கடை பக்கத்திலேயே. மனைவி நாலரைக்கு. அம்மா தொடமாட்டார், ஆனால் கதவைத் திறந்துவிடச் சொன்னால் திறந்துவிடுவார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன்தான்.

செல்விம்மா, பொங்கல் வரை பொறுத்தால் அதற்குள் வண்டியில் அடிபட்டால்? அந்தப் பயம்தான். கட்டடத்துக்கு முன்னால் லாரி வந்து போகிறது.

கால்நடை_டாக்டர் | டிசம்பர் 13, பகல் 2:20

அரசு கால்நடை மருந்தகத்தில் இருக்கிறேன். மத்தியானம் கூட்டம் குறைவு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குளிர். மதுரையில் மார்கழி ராத்திரி இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், நாலு வாரம் தாண்டிய குட்டிக்கு அது பெரிய விஷயமே இல்லை, ஈரம்தான் ஆபத்து. நனைந்த சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு பலகையோ தட்டுப் பலகையோ தரையில் வைத்து, அதன் மேல் காய்ந்த சாக்கும் பழைய வேட்டியும் போடுங்கள். லாரிக்கு, நாலு செங்கல் உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தால் தாய் தாண்டிப் போகும், குட்டி தாண்டாது.

ரெண்டாவது, பூச்சி மருந்து. தெருவில் பிறந்த குட்டி அநேகமாக எல்லாவற்றுக்கும் வயிற்றில் பூச்சி இருக்கும், தாய் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடும். வயிறு உப்பலாக, முதுகெலும்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவில் இப்போதே கொடுக்கலாம், மூணு மாசம் வரை ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாசம் வரை மாதம் ஒரு முறை.

மூணாவது, பார்வோ, வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். இதுதான் விஷயம். அந்த வைரஸ் நிழல் மண்ணில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கும். உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் சமீபத்தில் ஏதாவது குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் செத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பினாயில் போட்டுக் கழுவினேன் என்பார்கள், பினாயிலுக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசல், ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர், பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவணும். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், பிறகு மூணு நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டாச்சே" என்று வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம்.

நாலாவது, வெறிநாய்க்கடி. பிள்ளைகள் தினமும் அங்கே நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாய் நாய்க்கு ஊசி போட்டதாகத் தெரியாது, குட்டிக்கு மூணு மாசத்தில்தான் அந்த ஊசி. "குட்டிதானே, விளையாட்டுக்குக் கடித்தது" என்று விடாதீர்கள். பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ஊசி இலவசம்தான். முதல் நாள் போட்டதும் நின்றுவிடக் கூடாது, 3, 7, 28 என்று அவர்கள் சொல்லும் நாளில் தவறாமல் போகணும்.

ரெண்டையும் சேர்த்து வளர்க்கலாமா என்றால், முடியாதது இல்லை. ஆனால் ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, மனுஷன் சொல்வதைக் காதில் வாங்க நாளாகும். தனித்தனியாகப் பழக்கணும், அதாவது இரட்டை வேலை. கடுவனும் பெட்டையும் என்பதால் கருத்தடை வேறு தள்ளிப்போட முடியாது. உங்கள் நிலைமையில் ஒன்று போதும்.

ராஜபாளையத்தான் | டிசம்பர் 13, இரவு 9:02

வளர்ப்பது என்று முடிவு செய்த பிறகு ஏன் தெருக்குட்டி? நம்ம ஊர் சாதி நாயை எடுங்களேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாலு இனம் வைத்துக்கொண்டு லாப்ரடார் பின்னால் ஓடுகிறோம். 2005இல் தபால் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையத்துக்கு ஒன்று உண்டு தெரியுமா?

கோவை_செல்வி | டிசம்பர் 13, இரவு 9:30

தபால்தலை அழகுதான் அண்ணா. சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்தது, அதை மூணு சென்ட் வீட்டில் கட்டிப்போட்டால் கட்டிலைத் தின்றுவிடும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவது உங்களுக்கே தெரியும். பின்னால் கைதட்டிப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது. அவர் வீட்டு வாசலில் கிடைக்கிற குட்டியை விட்டுவிட்டு எதற்கு அலையணும்?

முத்து அண்ணா, ஒன்று எடுப்பதானால் எது என்று யோசித்தீர்களா? எல்லோரும் கடுவனைத்தான் கேட்பார்கள். நான் குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறேன், போன் வந்ததும் முதல் கேள்வி "ஆணா பெண்ணா?" பெண் என்றதும் "யோசிச்சுச் சொல்றோம்". அந்த யோசனை முடிந்து திரும்பக் கூப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு ஈற்றில் கடுவன்கள் எல்லாம் போய், பெட்டைகள் மட்டும் தெருவில் நின்று, அதுகள் பெரிதாகி அதே இடத்தில் திரும்பக் குட்டி போடும். உங்கள் செவலையும் அப்படி விடப்பட்டதாகத்தான் இருக்கும்.

பெட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாசத்துக்கு மேல் டாக்டரைக் கேட்டுக் கருத்தடை செய்துவிட்டால் தீர்ந்தது. தீட்டு, கடுவன்கள் கூட்டம், குட்டி, எதுவும் இல்லை.

நடுநிசி_நண்பன் | டிசம்பர் 13, இரவு 11:48

இப்படித் தெருநாய்க்குச் சோறு போட்டுப் போட்டுத்தான் ராத்திரி பைக்கில் வர முடியவில்லை. நீங்கள் குட்டியைக் கொஞ்சுங்கள், கடி வாங்குவது நாங்கள்.

கால்நடை_டாக்டர் | டிசம்பர் 14, காலை 7:10

கடி வாங்கியவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்த ஆள் செய்யப்போவது தெருவிலிருந்து ஒரு பெட்டையைக் குறைப்பது. அதற்கும் எதிர்ப்பா?

நெறியாளர் | டிசம்பர் 14, காலை 9:00

தெருநாய்ப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது, அடிதடி எல்லாம் அங்கே. இங்கே முத்து வீட்டுக் குட்டி மட்டும்.

சுதா_லண்டன் | டிசம்பர் 14, மாலை 6:25

சங்கர் சொன்ன மார்க்கெட் கதை இங்கேயும் உண்டு. கிறிஸ்துமஸுக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு ஜனவரியில் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது பழைய வழக்கம். "நாய் வாழ்நாளுக்கானது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமானதல்ல" என்ற வாசகத்தை இங்குள்ள நாய்கள் நல அமைப்பு ஒன்று 1978இல் உருவாக்கியது, இன்றைக்கும் கார்களின் பின்கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். 2020 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஆறு மாசத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் கடை விற்க முடியாது. வளர்ப்பவரிடமோ காப்பகத்திடமோ நேராகத்தான் வாங்கணும், வளர்ப்பவர் என்றால் தாயோடு சேர்த்துக் காட்டணும். இது லூசி சட்டம்.

எங்கள் வீட்டுக்கும் குட்டி வந்தது டிசம்பர் கடைசியில்தான். நாலு மணிக்கே இருட்டிவிடும், வெளியே உறைபனி, தூக்கக் கலக்கத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு ராத்திரி ரெண்டு மணிக்குத் தோட்டத்தில் நின்று "போடா, இருடா" என்று கெஞ்சியிருக்கிறேன். அவன் பனியை நக்கிக்கொண்டு நிற்பான். உள்ளே வந்ததும் கம்பளத்தில் ஒண்ணுக்கு இருந்துவிடுவான். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, மதுரை மார்கழி சொர்க்கம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். லீவு நாளில் குட்டியைக் கொஞ்சுவதைவிடத் தனியாக விடப் பழக்குவதுதான் முக்கியம். முதல் நாளே தொடங்கணும். எல்லோரும் வீட்டில் இருக்கும்போதே அதை ஒரு அறையில் விட்டு ஒரு நிமிஷம் கதவைச் சாத்துங்கள், கத்தத் தொடங்கும் முன்பே திறங்கள். அப்புறம் ரெண்டு நிமிஷம், ஐந்து, பத்து. செருப்பு மாட்டுங்கள், சாவியை ஆட்டுங்கள், ஆனால் போகாமல் திரும்ப உட்காருங்கள். சாவிச் சத்தம் கேட்டதும் பதறுகிற நாயாக ஆகாது. போகும்போதும் வரும்போதும் பெரிய நாடகம் வேண்டாம், "அம்மா போயிட்டு வரேன்டா கண்ணு" என்று கட்டிப்பிடித்து அழ வேண்டாம். பத்து நாள் இருபத்துநாலு மணி நேரமும் மடியில் வைத்திருந்துவிட்டுப் பதினோராம் நாள் பூட்டிவிட்டுப் போனால் எந்தக் குட்டியும் கத்தத்தான் செய்யும், அதைப் பிடிவாதம் என்று அடிப்பார்கள்.

வில்லிவாக்கம்_ஜெயா | டிசம்பர் 15, காலை 11:12

சுதாக்கா சொன்னது நூறு சதவீதம். நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், பண்டிகை வீடு என்றால் அங்கேதான் கண்டம்.

சர்க்கரைப் பொங்கலில் திராட்சை இருக்கிறது பாருங்கள், அது நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். எவ்வளவு தின்றால் என்ற கணக்கு கிடையாது, சிலதுக்குக் கொஞ்சமே போதும். பிளம் கேக்கிலும் அதேதான். சாக்லேட் கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடுகிற சைலிட்டால் ரொம்ப மோசம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து ஊசியாகக் குத்தும். கரும்புச் சக்கையைப் பிள்ளைகள் துப்பிப் போடுவார்கள், குட்டி அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடும், வயிற்றில் போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான்.

பசும்பாலும் வேண்டாம், பாதிக் குட்டிகளுக்கு வயிற்றால் போகும். எங்கள் வீட்டில் குழையவிட்ட சோறு, வேகவைத்த கோழி நார் நாராகப் பிய்த்தது, உப்பு மசாலா இல்லாமல், ஒரு நாளைக்கு நாலு வேளை. கடை உணவு என்றால் குட்டிக்கானது பார்த்து வாங்கி வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

சென்னையில் போகி மேளம் இருக்கிறதே, விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்துவிடுவார்கள், டயர் புகை வேறு. உங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனால் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு பக்கத்திலேயே அல்லவா, ஸ்பீக்கர், வேட்டு எல்லாம் இருக்கும். போகியன்றோ பொங்கலன்றோ கொண்டுவராதீர்கள். அதற்கு முந்தின வாரம், இல்லாவிட்டால் பிந்தி. எட்டாம் வாரம் ஒட்டிக் குட்டிக்கு லேசில் பயம் பிடிக்கும், அப்போது பயந்தது மனதில் தங்கிவிடும்.

மாடிவீடு_சங்கர் | டிசம்பர் 15, பகல் 12:40

வாடகை வீடா, சொந்த வீடா?

திருநகர்_முத்து | டிசம்பர் 15, பகல் 1:50

சொந்த வீடு சார், அப்பா கட்டியது. உங்கள் கேள்விகள் எனக்குத்தான் உதவுகிறது, நிறுத்தாதீர்கள்.

திருநகர்_முத்து | டிசம்பர் 28, இரவு 9:20

நடந்ததைச் சொல்கிறேன். குட்டிகள் இன்னும் கட்டடத்தில்தான். டாக்டர் சொன்ன மாதிரி பலகையும் செங்கல் தடுப்பும் வைத்தாயிற்று. ரெண்டு குட்டியையும் கூடையில் தூக்கிப்போய்ப் பூச்சி மருந்து கொடுத்தோம், மறுநாள் மகள் பார்த்துவிட்டு ஓடிவந்து "அப்பா, சேமியா மாதிரி வந்திருக்கு" என்றாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் சேமியா உப்புமா, யாரும் தொடவில்லை.

லீவு அட்டவணையை மகனே போட்டான். காலையும் சாயங்காலமும் அரை மணி நேரம் அங்கே போய் உட்காருவது, தூக்கக் கூடாது, அதுவாக வந்தால் தடவலாம், கை கால் காது பல் தொட்டுப் பழக்குவது. செவலைக்குக் கருவாட்டுச் சோறு. இப்போது எங்கள் சைக்கிள் சத்தம் கேட்டதும் வருகிறது.

பெட்டைதான் எங்களுக்கு. கடுவனை எதிர்த் தெரு பால்காரர் கேட்டிருக்கிறார், அவர் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது. அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை, நிபந்தனை போட்டிருக்கிறார். அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் குறுக்கே முழங்கால் உயரப் பலகை, சோபாவில் ஏற்றக் கூடாது, நாய் தட்டைத் தனியாகக் கொல்லையில் கழுவணும், அவர் பக்கத்தில் வந்தால் அவர் திட்டுவதைக் குறை சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

கோவை_செல்வி | டிசம்பர் 28, இரவு 9:44

அம்மா நிபந்தனை அத்தனையும் நல்ல நாய்ப் பழக்கம்தான் அண்ணா, அவருக்குத் தெரியாமலே பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். புத்தாண்டு ராத்திரி மட்டும் கட்டடத்துப் பக்கம் யாரும் வெடி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவரும்போது தாய் படுத்த சாக்கிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கூடவே கொண்டுவாருங்கள், நாற்றத்தைப் பார்க்காதீர்கள். முதல் ராத்திரிகளில் அதுதான் துணை. பெட்டி உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கை நீட்டினால் எட்டுகிற தூரம். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்தலாம்.

திருநகர்_முத்து | ஜனவரி 19, இரவு 8:35

பத்தாம் தேதி சனிக்கிழமை காலை கொண்டுவந்தோம், போகிக்கு முன்னாலேயே. முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்தது பிப்ரவரி தொடக்கத்தில். பெயர் வைப்பதில் ரெண்டு நாள் சண்டை, கடைசியில் "மிளகு". மூக்கு கறுப்பு.

முதல் ராத்திரி ஒரு மணி, மூணு மணி, நாலரை என்று எழுந்தது. கொல்லைக்குத் தூக்கிப்போய் ஒரே இடத்தில் விட்டேன், ஒண்ணுக்கு இருந்ததும் அங்கேயே ஒரு துண்டு கோழி. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் என்று இந்த மூணு நேரத்தையும் பிடித்தால் முக்கால்வாசி விபத்து இல்லை. வீட்டுக்குள் இருந்துவிட்டால் திட்டாமல் துடைத்துவிடுகிறோம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை, அதனால் காலை பதினொன்றுக்கு அம்மா கதவைத் திறந்துவிடுகிறார். தொடுவதில்லை, "போ வெளியே" என்று சொல்கிறார், அது போய்விட்டு வருகிறது. அவர் சொன்னால் கேட்கிறது, மகன் சொன்னால் கேட்பதில்லை, இதில் அவனுக்கு வருத்தம்.

பள்ளி திறந்த முதல் நாள் தனியாக விட்டதில் பத்து நிமிஷம் முனகியிருக்கிறது, அப்புறம் தூங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நானே போய்க் கேட்டேன், சத்தம் வந்ததா என்று. வரவில்லையாம்.

இப்போது செவலை. பால் கட்டியிருக்கிற மாதிரி தெரிகிறது. அதைத் திரும்பக் குட்டி போட விடக் கூடாது என்று மனைவி சொல்கிறாள். எப்போது கருத்தடை செய்யலாம் டாக்டர்?

கால்நடை_டாக்டர் | ஜனவரி 20, காலை 7:30

குட்டிகள் போய் ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. பால் முழுக்க வற்றட்டும், பிப்ரவரி கடைசிக்குள் சரியாகிவிடும். மடி சூடாக, கல் மாதிரி இறுகி இருந்தாலோ தொட்டால் சீறினாலோ காத்திருக்காமல் கூட்டிவாருங்கள். கருவாட்டுச் சோற்றைக் கொஞ்ச நாளைக்குப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், பால் சுரப்பு தானாகக் குறையும். அதன் பிறகு மாநகராட்சி கருத்தடைப் பிரிவுக்குச் சொல்லுங்கள், வெறிநாய்க்கடி ஊசியும் சேர்த்தே போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடணும் என்பது விதி. பிடிக்க வண்டி வரும் அன்று நீங்கள் யாராவது அங்கே நில்லுங்கள், சைக்கிள் சத்தத்துக்குத்தான் வருகிறது என்றீர்களே.

மாடிவீடு_சங்கர் | ஜனவரி 20, காலை 8:05

மிளகு போட்டோ எங்கே சார்?